நடந்ததால் மனம் தெளிந்ததா, தெளிந்ததால் நடக்க முடிந்ததா?

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். உங்களுக்கு இருப்பது பைபோலார் இரண்டாம் வகை, அதாவது மனச்சோர்வுக் கட்டமும் லேசான உயர்வுக் கட்டமும் மாறி மாறி வரும் நோய், என்று தெரிந்து மூன்று வருடம் ஆகிறது. மனநிலையைச் சீராக வைக்க லித்தியமும், இரவில் குவெட்டியாபினும் எடுக்கிறீர்கள். நடைக்குப் போகிற நாளில் மனசு லேசாக இருக்கிறது, போகாத நாளில் கல்லாகக் கனக்கிறது. நடந்ததால் நன்றாக இருக்கிறதா, நன்றாக இருந்ததால்தான் நடக்கவே முடிந்ததா என்று கேட்கிறீர்கள். தினமும் ஓட ஆரம்பித்தால் மாத்திரையைக் குறைக்கலாமா என்பது அடுத்தது. இவற்றுக்கு நடுவே, வீட்டில் "எழுந்து நாலு எட்டு நடந்தாலே சரியாகிவிடும், நீதான் மனசு வைக்க மாட்டேன் என்கிறாய்" என்று சொல்வதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அதைத்தானோ என்று எனக்குத் தோன்றுகிறது. நடைதான் மனநிலையைத் தீர்மானிக்கிறது என்று நான் சொன்னால், படுத்துக் கிடந்தது உங்கள் தப்பு என்று ஆகிவிடுமே என்ற பயம் அந்த வரியில் இருக்கிறது.

நான் மனநல மருத்துவர். பல வருடங்களாக நான் பார்ப்பதில் பெரும்பகுதி மனச்சோர்வும் பைபோலாரும்தான். ஆனால் உங்களைப் பரிசோதித்தவன் அல்ல, உங்கள் ரத்தப் பரிசோதனை முடிவுகளும் என்னிடம் இல்லை. அதனால் பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். எது உறுதி, எது அரைகுறை என்பதைப் பிரித்துச் சொல்லப் பார்க்கிறேன்.

உங்கள் முதல் கேள்வியைக் கிட்டத்தட்ட அப்படியே எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தின் கேத்லீன் மெரிகங்காஸும் அவர் குழுவினரும் 2019-இல் வெளியிட்டது. மொத்தம் 242 பேர். அவர்களில் 54 பேருக்கு பைபோலார், 91 பேருக்கு மனச்சோர்வு நோய், மீதி 97 பேருக்கு மனநிலைக் கோளாறு எதுவும் இல்லை. இரண்டு வாரம் மணிக்கட்டில் அசைவை அளக்கும் கருவியைக் கட்டிக்கொண்டார்கள். இப்போது மனநிலை எப்படி, தெம்பு எப்படி என்று நாளுக்கு நான்கு முறை பதிந்தார்கள். நடையும் நல்ல மனநிலையும் ஒரே நாளில் சேர்ந்து வருகின்றன என்பது யாருக்கும் தெரியும், அதை அளந்து பயனில்லை. இவர்கள் பார்த்தது வரிசையை. ஒரு வேளையில் அதிகம் அசைந்தவருக்கு அடுத்த வேளையில் மனநிலை என்ன ஆயிற்று, ஒரு வேளையில் மனநிலை நன்றாக இருந்தவர் அடுத்த வேளையில் அதிகம் அசைந்தாரா என்று தனித்தனியாகப் பார்த்தார்கள்.

அசைவு கூடியபின் மனநிலை சற்று உயர்ந்தது. மனநிலை உயர்ந்தபின் அசைவு கூடியதா என்றால், அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை. இதுவரை உங்கள் வீட்டார் சொல்வது சரி போலத்தான் இருக்கும். ஆனால் தெம்பு விஷயத்தில் கதை வேறு: அசைந்தால் தெம்பு கூடுகிறது, தெம்பு இருந்தால் அசைவும் கூடுகிறது, இரண்டு பக்கமும் ஓடுகிறது. இதை உங்கள் வீட்டார் சொன்ன வரிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீங்கள் எழாத நாளில் இல்லாமல் போனது மனசு என்பதைவிட தெம்பு என்பதே பொருந்தி வருகிறது. தெம்பை யாரும் வைராக்கியத்தால் வரவழைத்துவிட முடியாது. இந்தத் தொடர்புகளெல்லாம் பைபோலார் உள்ளவர்களிடம் மற்றவர்களைவிட வலுவாகத் தெரிந்தன. அசைவு தூக்கத்தையும் தொட்டது: அதிகம் அசைந்த நாளின் இரவில் தூக்க நேரம் குறைந்தது. இந்தத் தூக்க விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

இதில் அளவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அந்த ஆய்வில் தெரிந்த விளைவு சிறியது. நூற்றுக்கணக்கான மனிதர்களின் ஆயிரக்கணக்கான வேளைகளைக் கூட்டிப் பார்க்கும்போது கண்ணில் படுகிற அளவு. ஒரு செவ்வாய்க்கிழமை நடந்துவிட்டு வந்து ஒன்றும் மாறவில்லையே என்று நீங்கள் உட்கார்ந்திருந்தால், அதற்கும் இதற்கும் முரண் இல்லை.

வேறொரு வழியிலும் இதே திசைக்கு ஆதரவு கிடைத்திருக்கிறது. அதே 2019-இல், பிறக்கும்போதே அமைந்துவிடுகிற மரபணு வேறுபாடுகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். மனச்சோர்வு வந்து யாருடைய மரபணுவும் மாறப்போவதில்லை என்பதால், முந்தியது எது என்ற குழப்பம் இந்த முறையில் குறைகிறது. கருவியால் அளந்த உடல் அசைவு கூடும்போது மனச்சோர்வு வரும் வாய்ப்பு குறைந்தது. "நான் இவ்வளவு நேரம் உடற்பயிற்சி செய்கிறேன்" என்று மக்கள் வாயால் சொன்ன கணக்கை வைத்துப் பார்த்தபோது அந்தத் தொடர்பு தெரியவில்லை. நாம் எவ்வளவு அசைகிறோம் என்பது நமக்கே சரியாகத் தெரியாது. படிக்கட்டு, வீட்டு வேலை, பேருந்துக்கு ஓடியது எதையும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. கருவி அதையும் சேர்த்துக்கொள்கிறது.

இனி அவ்வளவு எளிதாகப் பிரித்துவிட முடியாத பகுதி. நடை, மனநிலை என்று இரண்டு தனிப் பொருள்கள் இருப்பதுபோலவும், ஒன்று மற்றொன்றைத் தள்ளுவதுபோலவும் பேசிக்கொண்டிருக்கிறோம். மனநிலைக் கோளாறில் அசைவே நோயின் ஒரு பாகம். கடுமையான மனச்சோர்வில் உடல் மந்தமாவது கண்ணுக்கே தெரியும். அறைக்குள் நடந்து வரும் நடை, நாற்காலியை இழுக்கும் வேகம், கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே விழும் இடைவெளி எல்லாம் மெதுவாகிவிடும். மறுபக்கம், 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநோய்க் கையேட்டின் வரையறையில், அளவுகடந்த உயர்வான மேனியாவுக்கும் அதன் லேசான வடிவமான ஹைப்போமேனியாவுக்கும் மனநிலை உயர்வு மட்டும் போதாது என்று ஆக்கினார்கள். தெம்போ செயல்பாடோ கூடியிருப்பதும் கட்டாயம். ஆகவே நீங்கள் நடக்காத நாளில் சில, தாழ்வுக் கட்டம் தொடங்கிவிட்டதன் அறிகுறி. நடந்திருந்தால் அந்தக் கட்டம் வந்திருக்காது என்று சொல்ல எந்த ஆய்வும் இடம் தரவில்லை.

மருந்தோடு ஒப்பிட்டால் உடற்பயிற்சி எங்கே நிற்கிறது? மனச்சோர்வு நோய்க்கு, பைபோலார் இல்லாதவர்களுக்கு, நல்ல ஆதாரம் இருக்கிறது. டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புளூமென்தால் குழு 2007-இல் வெளியிட்ட சோதனையில் 202 பேர் நான்கு பிரிவாக 16 வாரம் இருந்தார்கள். பயிற்சியாளர் முன்னிலையில் உடற்பயிற்சி செய்தவர்களில் 45 சதவீதம் பேருக்கு நோய் தணிந்தது, வீட்டிலேயே தானாகச் செய்தவர்களில் 40, செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை எடுத்தவர்களில் 47. மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 31. முதல் மூன்று எண்களை மட்டும் சொல்லி "மாத்திரைக்குச் சமம்" என்று செய்தி போடுவார்கள். நான்காவது எண்ணையும் சேர்த்துப் படித்தால்தான் உடற்பயிற்சிக்கும் மாத்திரைக்கும் உரிய பங்கு எவ்வளவு என்று தெரியும். மாத்திரையையாவது வெற்று மாத்திரையோடு ஒப்பிடலாம். ஓடுகிறவருக்குத் தான் ஓடுவது தெரியாமல் வைக்க வழியே இல்லை. நம்பிக்கையின் பங்கைக் கழிப்பது கடினம் என்பதால்தான் பல சோதனைகளைச் சேர்த்துப் பார்க்கும் ஒவ்வொரு தொகுப்பாய்வும் தயங்கித் தயங்கிப் பேசுகிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2013-இல் வெளியிட்ட தொகுப்பில் சோதனைகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தபோது நடுத்தர அளவு பயன் தெரிந்தது. முறை கறாராக இருந்த ஆறு சோதனைகளை மட்டும் எடுத்தபோது அது சிறிதாகச் சுருங்கிவிட்டது. 2024-இல் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் வந்த 218 சோதனைகளின் தொகுப்பு, நடை, மெது ஓட்டம், யோகா, எடை தூக்கும் பயிற்சி ஆகியவற்றுக்கு நல்ல பயனைக் காட்டியது. அதிலும் பெரும்பாலான சோதனைகளின் தரம் சுமார்தான் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டிருக்கும் முடிவு இது: பயன் உண்மை, ஆனால் பத்திரிகைகள் சொல்லும் அளவு இல்லை. லேசான, நடுத்தர மனச்சோர்வில் தெளிவாகத் தெரியும். மிகக் கடுமையானதில் அதை மட்டும் நம்பி இருப்பது ஆபத்து.

வீட்டாருக்குக் காட்ட விரும்பினால் இன்னொரு சோதனையைக் காட்டுங்கள். 2012-இல் பிரிட்டனில் 361 பேரிடம் நடந்தது. வழக்கமான சிகிச்சையோடு, ஒரு பகுதியினருக்கு மட்டும் உடற்பயிற்சி ஆலோசகர் ஒருவரைக் கூடுதலாக அமர்த்தினார்கள். நேரிலும் தொலைபேசியிலும் பேசி ஊக்கப்படுத்துவது அவர் வேலை. அவர்கள் அதிகம் அசையத்தான் செய்தார்கள், ஆனால் நான்கு மாதம் கழித்து மனச்சோர்வில் மற்றவர்களுக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. பயிற்சி பெற்ற ஆள் பொறுமையாகச் சொல்லியே அவ்வளவுதான். வாசலில் நின்றுகொண்டு "எழுந்து நட" என்று அதட்டுவது எவ்வளவு தூரம் போகும் என்று உங்கள் வீட்டாரே யோசிக்கட்டும். கூட வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பவரால் நடக்கிற காரியம், சொல்லிவிட்டுப் போகிறவரால் நடப்பதில்லை. இது ஆய்வு முடிவு அல்ல, நான் பார்த்தது.

எப்படி வேலை செய்கிறது என்பதைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. ஓடும்போது உடலில் சுரக்கும் எண்டார்பின்தான் உற்சாகம் தருகிறது என்ற கதையை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். எண்டார்பின் வேலை செய்யும் இடத்தை அடைத்துவிடும் நால்ட்ரெக்ஸோன் மருந்தைக் கொடுத்த பிறகும் ஓடியவர்களுக்கு அந்த உற்சாகம் வந்தது என்று 2021-இல் காட்டியிருக்கிறார்கள், ஆகவே அந்த விளக்கம் ஆட்டம் கண்டுவிட்டது. மூளையில் புது இணைப்புகள் வளர உதவும் புரதங்கள், அழற்சி குறைவது, தூக்கம் சீராவது என்று வேறு பல விளக்கங்கள் உண்டு. எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். சிகிச்சை அறையில் எனக்குப் பயன்படுகிற விளக்கம் இதைவிடச் சாதாரணமானது: மனச்சோர்வில் "தோன்றும்போது செய்கிறேன்" என்று காத்திருந்தால் அந்தத் தோன்றல் வரவே வராது. செய்த பிறகுதான் கொஞ்சம் தோன்றும். இதை அடிப்படையாக வைத்தே ஒரு சிகிச்சை முறை இருக்கிறது. 2016-இல் 440 பேரிடம் நடந்த ஒரு சோதனையில் அது, எண்ணங்களை மாற்றப் பழக்கும் சிந்தனைமுறை சிகிச்சைக்குக் குறையாத பலன் தந்தது.

மேலே சொன்ன பெரிய சோதனைகளில் பெரும்பாலும் பைபோலார் உள்ளவர்களைச் சேர்ப்பதே இல்லை. உங்கள் நோய்க்கு உடற்பயிற்சியைப் பற்றி நேரடியாக நமக்குத் தெரிந்தது குறைவு. தாழ்வுக் கட்டத்தில் உதவும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. உடல் எடை, சர்க்கரை, இதயம் ஆகியவற்றுக்கு நல்லது என்பது உறுதி. குவெட்டியாபின் எடுப்பவருக்கு இதுவே பெரிய காரணம், மனநிலையை மறந்துவிட்டாலும் நடக்கத்தான் வேண்டும். உயர்வுப் பக்கத்தில்தான் கவனம் வேண்டும்.

அந்தப் பக்கம் எப்படித் தொடங்கும் என்று சொல்கிறேன். மாதக்கணக்கில் படுத்துக் கிடந்த ஒருவர் ஒரு நாள் எழுந்து ஓடப் போகிறார். வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. மறுவாரம் காலையும் மாலையும் ஓடுகிறார். புது ஷூ, புது கைக்கடிகாரம், மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தாயிற்று. விடியற்காலை மூன்றரைக்கே விழிப்பு வந்துவிடுகிறது, ஆனாலும் பகலில் களைப்பே இல்லை. "இவ்வளவு சுறுசுறுப்பாக இவரைப் பார்த்ததே இல்லை டாக்டர்" என்று மனைவி சொல்லும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும். உடற்பயிற்சி அவரை உயரத்துக்குத் தள்ளியதா, உயரம் ஏறத் தொடங்கியதால் உடற்பயிற்சி கூடியதா என்று அந்த நேரத்தில் பிரிக்க முடியாது. பெரும்பாலும் இரண்டும் ஒன்றை ஒன்று ஏற்றிவிட்டிருக்கும், நடுவில் தூக்கம் குறைந்தது எண்ணெய் ஊற்றியிருக்கும். பைபோலார் உள்ள பலர், கடுமையான உடற்பயிற்சி சில நேரம் தங்களைத் தாறுமாறாக ஏற்றிவிடுகிறது என்று தாங்களாகவே சொல்கிறார்கள். ஹைப்போமேனியா என்று சொல்ல நான்கு நாள் போதும். இப்படிப்பட்ட சந்தோஷமான செய்தியைத்தான் வீட்டார் எனக்குத் தாமதமாகச் சொல்கிறார்கள்.

ஆகவே என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது: எவ்வளவு நடப்பது என்பதை மனநிலை தீர்மானிக்க விடாதீர்கள், அட்டவணை தீர்மானிக்கட்டும். கீழே ஒரு வரம்பு, மேலே ஒரு வரம்பு. மேல்வரம்பைச் சமநிலையில் இருக்கும்போதே எழுதி வைத்துவிட வேண்டும். உதாரணமாக, ஒரு நாளைக்கு ஒரு முறை, முக்கால் மணி நேரத்துக்கு மேல் இல்லை, இரவு சாப்பாட்டுக்குப் பின் கடுமையான பயிற்சி கிடையாது, ஏறிக்கொண்டிருக்கும் வாரத்தில் புதுப் போட்டி எதற்கும் பெயர் கொடுப்பது கிடையாது. "இன்னும் ரெண்டு சுற்று ஓடலாமே" என்று உடம்பு கெஞ்சுகிற நாளில்தான் அந்த வரம்புக்கு வேலை. இரண்டு இரவு தொடர்ந்து தூக்கம் குறைந்து, களைப்பும் இல்லையென்றால் ஓட்டத்தை நடையாக மாற்றிக்கொண்டு மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். இந்த இரண்டு இரவு என்பது ஆய்வு தந்த எண் அல்ல, என் அனுபவக் கணக்கு.

கீழ்வரம்பு, வெட்கப்படும் அளவுக்குச் சிறிதாக இருக்க வேண்டும். நல்ல நாளில் திட்டம் போடும் எல்லோரும் அரை மணி நேரம் என்று எழுதிக்கொண்டு வருவார்கள். மோசமான நாளில் அரை மணி நேரம் என்பது ஒரு பெரிய மலை. முதல் நாளே தவறிப்போகும், தவறியது குற்ற உணர்வாகும், அது மறுநாளையும் சேர்த்து விழுங்கும். கட்டிலில் எழுந்து உட்கார்ந்து காலைத் தரையில் ஊன்றுவது ஒரு படி. செருப்பைப் போடுவது ஒரு படி. வாசல்வரை போய் வெளிச்சத்தில் ஐந்து நிமிடம் நிற்பது ஒரு படி. தெருமுனைவரை போய்த் திரும்பினால் அன்றைய கணக்கு முடிந்தது. மேற்கொண்டு நடந்தால் அது உபரி. எந்த நேரத்தில் என்பதும் முக்கியம். மனச்சோர்வில் பலருக்குக் காலைதான் மிக மோசமான பொழுது, மாலையில் சற்று இளகும். அதோடு இரவு குவெட்டியாபினின் மந்தமும் சேர்ந்துகொண்டால், விடியற்காலை நடை என்பது தோற்பதற்கென்றே போட்ட திட்டம். பதினொரு மணிக்கோ மாலை நாலரைக்கோ வையுங்கள், ஆனால் தினமும் அதே நேரத்தில் வையுங்கள். பைபோலாரில் நாளின் ஒழுங்கே ஒரு மருந்துபோல வேலை செய்கிறது. எழும் நேரம், சாப்பிடும் நேரம், படுக்கும் நேரம் ஆகியவற்றைச் சீராக்குவதையே சிகிச்சையாக அமெரிக்க உளவியலாளர் எலன் பிராங்க் உருவாக்கியிருக்கிறார்.

அளவு எவ்வளவு என்று கேட்பீர்கள். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான செயல்பாடு என்பது உலக சுகாதார நிறுவனம் எல்லோருக்கும் சொல்வது. அதை எட்டாவிட்டால் பயன் இல்லை என்று நினைக்க வேண்டாம். நார்வேயில் 33,908 பேரைப் பதினொரு வருடம் தொடர்ந்து பார்த்தபோது, வாரத்துக்கு ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்தவர்களிடமே பிற்காலத்தில் மனச்சோர்வு குறைவாக இருந்தது. அவர்கள் தொடக்கத்தில் நோய் இல்லாதவர்கள், அதனால் உங்களுக்கு அது அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

லித்தியம் எடுப்பதால் சில விஷயங்களை நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். வெயிலில் ஓடி, வியர்த்து, தண்ணீர் குடிக்காமல் உடல் வறண்டால், சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்தில் அளவு ஏறும். உடற்பயிற்சி தொடங்கிய ஆர்வத்தில் திடீரென்று உப்பை அடியோடு குறைப்பதும் இதையே செய்யும். இதைவிடப் பலர் மாட்டிக்கொள்வது வலி மாத்திரையில். கால் வலிக்கிறது என்று கடையில் கேட்டு வாங்கும் ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் லித்தியம் அளவை ஏற்றக்கூடியவை. வலி என்றால் பாராசிட்டமால் போதுமா என்று உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கை வழக்கத்தைவிட அதிகமாக நடுங்குவது, வாந்தி, வயிற்றுப்போக்கு, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய் ரத்தத்தில் லித்தியம் அளவைப் பார்க்க வேண்டும். குவெட்டியாபினால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றலாம். தரையில் படுத்துச் செய்யும் பயிற்சியிலிருந்து சட்டென எழாதீர்கள்.

மாத்திரையைக் குறைப்பது பற்றிய உங்கள் கேள்விக்கு என் பதில்: ஓட்டத்தைக் காரணமாக வைத்துக் குறைக்காதீர்கள். உடற்பயிற்சி லித்தியத்தின் இடத்தை நிரப்பும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. லித்தியத்தைச் சட்டென நிறுத்தினால் நோய் திரும்பும் ஆபத்து, அதிலும் மேனியாவாகத் திரும்பும் ஆபத்து, மெதுவாகக் குறைப்பதைவிட அதிகம் என்பதற்கோ நல்ல ஆதாரம் இருக்கிறது. பக்கவிளைவு தாங்கவில்லை என்பதுதான் உண்மையான காரணம் என்றால் அதைச் சொல்லியே மருத்துவரிடம் பேசுங்கள், அதற்கு வேறு வழிகள் உண்டு. "ஓட்டம் நன்றாகப் போகிறது, இனி மருந்து வேண்டாம்" என்ற எண்ணம் மிகுந்த நம்பிக்கையோடு வரும் வாரம், பல நேரம், உயர்வு தொடங்கும் வாரமாகவே இருக்கிறது.

உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் வரும் நாளில் இந்த அட்டவணை எதுவும் பொருந்தாது. அன்றைக்கு நடை கணக்கில் இல்லை, தனியாக இருக்காமல் ஒருவரிடம் சொல்லி, அன்றே மருத்துவரையோ அவசரப் பிரிவையோ அடைய வேண்டும்.

கடைசியாக, நான் ஒரு திசையைச் சொன்னேன், ஆனால் அது சராசரி. உங்களுக்கு எப்படி என்பதை நீங்களே ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஒரு மாதம் தினமும் ஒரே வரி எழுதுங்கள்: எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், காலையில் எழுந்தபோது தெம்பு எவ்வளவு, எப்போது எவ்வளவு நடந்தீர்கள், இரவு படுக்கும்போது மனநிலை மைனஸ் மூன்றிலிருந்து பிளஸ் மூன்றுக்குள் எங்கே. நடப்பதற்கு முன்பே காலைத் தெம்பை எழுதிவிட வேண்டும், அப்போதுதான் எது முந்தியது என்று பின்னால் பிரிக்க முடியும். தெம்பு குறைவாக இருந்தும் நடந்துவிட்ட நாட்களை மட்டும் தனியாக எடுத்து அன்றைய இரவு மனநிலையைப் பாருங்கள். அந்தத் தாளை அடுத்த முறை மருத்துவரிடம் கொண்டுபோனால், மேல்வரம்பை எங்கே வைப்பது என்று அவர் உங்களோடு உட்கார்ந்து முடிவு செய்ய அது போதும்.